எலும்பு உரைத்த சரித்திரம்

சீன நாகரிகத்தின் ஆதிகால அரசரான ஷாங் வம்சத்தார் வெறும் கட்டுக்கதையோவென்று அறிஞர் பலர் ஐயுற்ற காலம் ஒன்றுண்டு. அவ்வையத்தை அகற்றியவை எலும்புத் துண்டுகளே.

மருந்துச் சரக்காக விற்கப்பட்டு வந்த பழைய எலும்புகளில் புராதன எழுத்துக்கள் இருப்பதை, வாங் யிராங் என்ற பண்டிதர் 1899-இல் உணர்ந்தார். மறுவருஷம் எட்டு வல்லரசுகளின் சேனை பீகிங்கினுட் புகுந்தபோது அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் தொடங்கிய ஆராய்ச்சியோ மாயவில்லை. 1917-இல் வாங் குவோவெய் அவ்வெழுத்துக்களிற் கண்ட அரசர் பெயர்களை, ஸூமா சியன் எழுதிய பழஞ்சரித்திரத்தோடு ஒப்பிட்டார். வமிசாவளி பெரும்பாலும் ஒத்திருந்தது! 1928 முதல் 1937 வரை ஆன்யாங்கில் சீனரே 15 முறை அகழ்ந்து, அரண்மனை அடித்தளங்களையும் அரசர் சமாதிகளையும் கண்டனர். ஜப்பானியப் படையெடுப்பால் அப்பணி நின்றது. 1950-இல் மீண்டும் தொடங்கிற்று.

சுமார் 3,200 ஆண்டுகட்கு முன், மழை பெய்யுமா, தினை விளையுமா, போரில் வெற்றி கிட்டுமா என்று எலும்பையும் ஆமையோட்டையும் சுட்டு, அவற்றின் வெடிப்பிற் குறி கேட்டனர் அவ்வரசர். எழுத்து, வெண்கலத் தொழில், முன்னோர் வழிபாடு ஆகியவை அன்றே வேரூன்றியிருந்தன. சமாதிகளில் நரபலியின் சான்றுகளும் கிடைத்தன. அகழ்ந்தவர்கள் அவற்றை மறைத்தாரில்லை.

தன் பழமையை நிலைநாட்ட விழையும் தேசம் மண்வெட்டியைக் கையிலெடுக்க வேண்டும். மண் காட்டுவது எதுவாயினும் ஏற்கும் நெஞ்சுரமும் அதற்கு வேண்டும்.