எண்ணின் வழித்தடம்

நுழையும்முன்

நாம் விழுங்கும் ஒரு மாத்திரைக்குப் பின்னே எண்ணற்ற அளவீடுகள் நிற்கின்றன. அவை சரியாக இருந்தால் மட்டும் போதாது. எங்கிருந்து வந்தன, எவ்வழியே வந்தன என்று காட்டவும் இயல வேண்டும். அவ்வாறு காட்ட இயலாதபோது நேர்வது என்ன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தொழிற்சாலை கற்றுத்தரும் பாடம்

முருகன் கோவிலால் பெயர்பெற்ற ஊர் வல்லக்கோட்டை. அதனை அடுத்துள்ள ஒரகடத்தில் மகிழுந்து, சரக்குந்து, இருசக்கர வண்டி ஆலைகள் இயங்குகின்றன. அங்கிருந்து வெளிவரும் ஒவ்வொரு வண்டியிலும் 17 குறிகளைக் கொண்ட அடையாள எண் பொறிக்கப்படுகிறது. பின்னாளில் ஓர் உறுப்பில் பழுது தெரியவந்தால், எந்தெந்த வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்பதை அவ்வெண்ணே காட்டிக்கொடுக்கும். ஒன்றன் வரலாற்றைப் பின்னோக்கிச் சென்று காண உதவும் இம்முறையைத் தடமறிதல் என்பர். இரும்பிற்கும் உருக்கிற்கும் தேவைப்படும் இவ்வொழுங்கு, உடலுக்குள் செல்லும் மருந்திற்கு இன்னும் மிகுதியாகத் தேவையன்றோ?

மருந்தின் பயணம்

உட்கொண்ட மருந்து குருதியில் கலக்கிறது, உறுப்புகளுக்குப் பரவுகிறது, வேதிமாற்றம் அடைகிறது, பின் வெளியேறுகிறது. இப்பயணத்தை அளந்தறியும் துறை மருந்தியக்கவியல். விலை குறைந்த பொதுப்பெயர் மருந்து ஒன்று விற்பனைக்கு வருமுன், அது மூல மருந்தைப் போலவே உடலில் செயல்படுகிறதா என்று ஆராயப்படுகிறது. பொதுவாக நலமுள்ள தன்னார்வலர்கள் இரு மருந்துகளையும் வெவ்வேறு காலங்களில் உட்கொள்வர். குறித்த நேரங்களில் அவர்களின் குருதி மாதிரி எடுக்கப்பட்டு மருந்தின் செறிவு அளக்கப்படும்.

அவ்வளவுகளைக் கணினி மென்பொருள் ஆய்ந்து இரண்டு முடிவுகளைத் தருகிறது. குருதியில் மருந்து எட்டிய உச்சச் செறிவு ஒன்று. நேரத்திற்கும் செறிவிற்கும் வரைந்த வளைகோட்டின் கீழுள்ள பரப்பு மற்றொன்று. அப்பரப்பே உடலுக்குக் கிட்டிய மொத்த மருந்தின் அளவுகோல். இரு மருந்துகளின் இவ்வளவுகளுக்கு இடையேயான விகிதம், 90 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி முழுவதும் 80 முதல் 125 விழுக்காட்டிற்குள் அடங்கினால், இரண்டும் சமமானவை எனப் பொதுவாக ஏற்கப்படும்.

ஓர் எண் நீங்கினால்

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். மருந்து உட்கொண்ட நேரத்தில் செறிவு சுழி. பின்னர் 1, 2, 4, 8, 12 ஆம் மணிகளில் முறையே 40, 60, 40, 20, 10 அலகுகள். அடுத்தடுத்த புள்ளிகளை இணைத்துச் சரிவகங்களாகப் பிரித்துக் கூட்டினால் பரப்பு 20 + 50 + 100 + 120 + 60 = 350 ஆகும். இப்போது 2 ஆம் மணி அளவை மட்டும் நீக்கிப் பாருங்கள். பரப்பு 320 ஆகச் சுருங்குகிறது. உச்சச் செறிவோ 60 இலிருந்து 40 ஆக வீழ்கிறது.

அவ்வளவை நீக்கியது தவறா? மாதிரி கெட்டுப்போயிருந்தால், முன்பே வகுத்த விதிப்படி நீக்குவது முறையே. விரும்பிய முடிவைப் பெறுவதற்காக நீக்கியிருந்தால் அது ஏமாற்று. இறுதி அறிக்கையில் 320 என்னும் எண் மட்டும் இருந்தால், இவ்விரண்டையும் வேறுபடுத்த எவராலும் இயலாது. நேர்மையாளரின் எண்ணும் ஏமாற்றுவோரின் எண்ணும் தாளில் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது எண் வந்த வழியின் பதிவே.

தணிக்கைத் தடம்

ஆகவே ஆய்வு மென்பொருள்களில் தணிக்கைத் தடம் என்னும் பதிவேடு தானே எழுதப்படுமாறு அமைக்கப்படுகிறது. மாற்றியவர் யார், எப்போது, எதனை எதுவாக மாற்றினார், ஏன் என்னும் நான்கு வினாக்களுக்கும் அது விடை கூற வேண்டும். புதிய எண் பழைய எண்ணை மறைத்துவிடக் கூடாது. கணக்கேட்டில் பிழையை அழிப்பானால் தேய்க்காமல், ஒரு கோடிட்டு அடித்து அருகில் கையொப்பமிடும் பழக்கத்தின் மின்வடிவம் இது. மின்னணுப் பதிவேடுகளுக்கான இத்தகைய விதிகளை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 1997 இல் வெளியிட்டது.

சென்னையும் கோவையும் தந்த படிப்பினை

இவ்வொழுங்கின் அருமையைத் தமிழகத்தில் நிகழ்ந்த ஒன்றே உணர்த்துகிறது. மைக்ரோ தெரப்யூட்டிக் ரிசர்ச் லேப்ஸ் என்னும் நிறுவனத்தின் சென்னை, கோவை ஆய்வு மையங்களைப் பற்றி ஆஸ்திரிய, நெதர்லாந்து அதிகாரிகள் 2016 பிப்ரவரியில் நடத்திய சோதனைகள் ஐயங்களை எழுப்பின. தரவுகள் உள்ளபடி காட்டப்படவில்லை என்பதும், ஆவணப்படுத்துவதிலும் தரவுகளைக் கையாள்வதிலும் குறைபாடுகள் இருந்தன என்பதும் அவர்கள் கண்டவை. அம்மையங்களில் 2012 ஜூன் முதல் 2016 ஜூன் வரை நடந்த ஆய்வுகளை நம்ப இயலாது என ஐரோப்பிய மருந்து முகமை 2017 மார்ச்சில் முடிவு செய்தது. அவ்வாய்வுகளைச் சார்ந்திருந்த மருந்துகளில், வேறு சான்று இல்லாதவற்றின் உரிமத்தை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அப்பட்டியலில் 300க்கும் மேற்பட்ட மருந்துகள் இருந்தன.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அம்மருந்துகளால் தீங்கு நேர்ந்ததற்கோ அவை பயனற்றவை என்பதற்கோ சான்று இல்லை என்றும் அம்முகமை கூறியது. மருந்து நல்லதாகவே இருந்திருக்கலாம். அதனை மெய்ப்பிக்கும் சான்றுதான் வலுவிழந்தது. ஆய்வுக்காகத் தம் குருதியை அளித்தவர்களின் உழைப்பும் அதனுடன் வீணாயிற்று.

காப்பது எதனை?

ஆய்வு முடிந்தபின் அறிக்கையைப் பெட்டியில் பூட்டிவைப்பது மட்டும் ஆவணக்காப்பு ஆகாது. கருவி தந்த மூலத் தரவு, மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும், தேர்ந்த கணக்கீட்டு முறை, நீக்கிய அளவுகளும் அதற்கான காரணமும், தணிக்கைத் தடம், இறுதி முடிவு ஆகிய அனைத்தும் ஒருசேரக் காக்கப்பட வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் அவற்றை எடுத்து மீண்டும் கணக்கிட்டால் அதே விடை வர வேண்டும். அதுவே நல்ல காப்பின் உரைகல்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம், மருத்துவ ஆய்வு ஆவணங்களைக் குறைந்தது 25 ஆண்டுகள் காக்கப் பணிக்கிறது. இன்று பதினோராம் வகுப்பில் பயிலும் நீங்கள் நாற்பது வயதைக் கடக்கும் காலம் அது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். கோப்பு அழியவில்லை, படிக்கும் வழி அழிந்தது. ஆய்வுத் தரவிற்கும் இந்நிலை நேராதிருக்க, அதனைத் திறக்கும் வழியையும் சேர்த்தே காக்க வேண்டும்.

கல்லில் ஒரு முன்மாதிரி

பதிவின் அருமையை நம் மண் முன்பே அறிந்திருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பது அவற்றுள் ஒன்று. திருடியது மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று அவ்விதி காத்திருக்கவில்லை. கணக்குக் காட்டாமையே தகுதியிழக்கப் போதுமானதாயிற்று.

ஆய்வகத்திற்கும் அதுவே நெறி. உங்கள் செய்முறைப் பதிவேட்டில் ஓர் அளவை அடித்துத் திருத்தும்போது, அதன் காரணத்தையும் நாளையும் அருகில் எழுதுங்கள். நாளை ஒரு நோயாளி நம்பி உட்கொள்ளும் மருந்தின் கணக்கு உங்கள் கைக்கு வரும்போது, அப்பழக்கம் அவருக்குக் காவலாக நிற்கும்.