கோழிப் பார்சலும் மாசித்தூளும்: பாடசாலை உணவில் எமது பொறுப்பு

சில வருடங்களுக்கு முன்னர் எமது பாடசாலையில் நடந்த ஆசிரியர் தின விருந்தில் உணவுக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். எமது பாடசாலை கிழக்கு மாகாணத்திலுள்ள ஒரு முஸ்லிம் பாடசாலை. ஆசிரியர்களில் ஐந்து பேர் இந்துக்கள். பெற்றோர் சிலர் சேர்ந்து மாட்டிறைச்சிப் புரியாணி தருவதாக ஏற்றுக்கொண்டார்கள். "தமிழ் டீச்சர்மாருக்கு என்ன செய்யிற சேர்?" என்று ஒருவர் கேட்டபோது, "அவங்களுக்கு அஞ்சு கோழிப் பார்சல் சொல்லுங்க" என்றேன். பெரிய கரிசனை காட்டிவிட்டதாக எனக்குள் ஒரு திருப்தி.

விருந்தன்று கணித பாட டீச்சர் பார்சலை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "பரவாயில்ல சேர், நான் வீட்ட கொண்டு போறன்" என்று சிரித்தார். இன்னும் இருவர் அப்படியே செய்தார்கள். நாங்கள் சாப்பிட்டு முடியும்வரை மூவரும் சோடாவைக் குடித்துக்கொண்டு எங்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் காரியாலயத்தில் வேலை செய்யும் தம்பிதான் சொன்னார்: "அவங்களுக்கு நவராத்திரி விரதம் சேர். மீன் கூடத் தொடமாட்டாங்க."

ஆசிரியர் தினம் ஒக்டோபர் 6. அது எப்போதும் இந்துக்களின் புரட்டாதி மாதத்துக்குள்தான் வரும். சில வருடங்களில் நவராத்திரியோடு ஒட்டி வரும், சில வருடங்களில் அதற்குள்ளேயே வரும். கலண்டரைப் புரட்டினால் தெரியக்கூடிய விடயம். பல வருடங்கள் அவர்களோடு ஒரே ஓய்வறையில் இருந்தும் நான் புரட்டவில்லை. ஐந்து பேரில் ஒருவரிடமும் கேட்கவுமில்லை.

இதை இங்கே எழுதக் காரணம், எதிர்த்திசையில் நடப்பவற்றை நாம் நிறையப் பேசுகிறோம். எனது சகோதரியின் மகள் ஒரு சிங்களப் பாடசாலையில் படிக்கிறாள். பிறந்தநாளென்றால் பிள்ளைகள் ஜெலி இனிப்பும் மார்ஷ்மலோவும் பங்கிடுவார்கள். அவற்றில் சேர்க்கப்படும் ஜெலட்டின் மிருகங்களின் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கப்படுவது; பன்றியாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம். வகுப்பாசிரியைக்கு அது தெரியாது. அவருக்கு அது வெறும் இனிப்பு. சகோதரி போய்ப் பக்குவமாக விளக்கினார். இப்போது அந்த ஆசிரியை பங்கிடுவதற்கு முன்னர் உறையை வாசித்துப் பார்க்கிறாராம்.

அவருடைய ஜெலட்டினைப் போன்றதுதான் எமது மாசி. எமது சமையலறைகளில் மாசித்தூள் எதிலும் விழும். தேங்காய்ச் சம்பலில், சீனிச்சம்பலில், சுண்டலில், சில வீடுகளில் பருப்பிலும். அது மீன் என்ற எண்ணமே எமக்கு வருவதில்லை, உப்பைப் போல ஒன்றாகிவிட்டது. "மரக்கறிச் சாப்பாடுதான், யோசிக்காம சாப்பிடுங்க" என்று ஒரு விரதகாரரிடம் நாம் மனச்சுத்தியோடு சொல்வோம். அந்தச் சம்பலில் மாசி இருக்கும்.

இப்படிப் பேசினால் ஓய்வறையில் ஒரு மறுப்பு வரும். "இதெல்லாம் வெள்ளைக்காரன்ட பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ். இனி மாட்டிறைச்சி என்ற சொல்லையே வாயில எடுக்கக்கூடாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒருவர் மனம் நோகும் என்று சொற்களை ஒளித்துவைக்கும் பழக்கம் எனக்கும் பிடிக்காது. ஆனால் நான் கேட்பது அதற்கு நேர்மாறானது. மாட்டிறைச்சி என்றால் மாட்டிறைச்சி என்று எழுதி வையுங்கள். மாசி போட்டிருந்தால் மாசி என்று சொல்லுங்கள். விரும்பியவர் எடுப்பார், விரும்பாதவர் விடுவார்.

ஹலால் சான்றிதழ் பிரச்சினையின்போது நாம் நாட்டுக்குச் சொன்னதும் இதைத்தானே? 2013இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழங்கிவந்த ஹலால் சான்றிதழுக்கு எதிராகக் கூச்சல் எழுந்தபோது, "இது யாரையும் கட்டாயப்படுத்துவதல்ல, உணவில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புபவருக்கான தகவல் மட்டுமே" என்று எத்தனை மேடைகளில், எத்தனை கட்டுரைகளில் விளக்கினோம். கடைசியில் ஜம்இய்யா அந்தப் பொறுப்பிலிருந்து விலக, வேறொரு நிறுவனம் அதை ஏற்று நடத்தும் நிலை வந்தது. எமது வாதம் அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் தகவல் அறியும் அந்த உரிமை எமது விருந்துக்கு வரும் இந்து ஆசிரியைக்கும் இருக்கிறது.

உணவின் மீது சந்தேகம் விழுந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பது எம்மைவிட யாருக்குத் தெரியும்? 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் கிடந்த மாக்கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளரின் பரிசோதனை அது வெறும் மாப்பொருள் என்று பின்னர் சொன்னது. அந்த வெறுப்புக்கு வேறு வேர்கள் உண்டு. ஆயினும் ஒருவர் சமைத்ததை மற்றவர் நம்பி உண்ணும் பழக்கம் பிள்ளைப் பருவத்திலேயே, பாடசாலையிலேயே வேரூன்றியிருந்தால் அப்படியொரு கதை அவ்வளவு இலேசாக எடுபட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

மார்க்கத்தில் இதற்கு வழிகாட்டல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உடும்பு பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பொரித்த உடும்பு பரிமாறப்பட்டு, நபி (ஸல்) அவர்கள் கையை நீட்டியபோது, அங்கிருந்த பெண்கள் அது என்னவென்று அவர்களிடம் சொல்லும்படி கூறினார்கள். சொன்னதும் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று காலித் பின் வலீத் (ரழி) கேட்க, இல்லை, தமது ஊரில் அது இல்லாததால் மனம் ஏற்கவில்லை என்றார்கள். காலித் (ரழி) அவர்கள் பார்த்திருக்கவே அதை உண்டார்கள். இந்த ஹதீஸை உடும்பின் சட்டத்துக்காகவே அதிகம் ஓதுகிறோம். என் கண்ணில் படுவது அந்தப் பெண்கள். உணவு வாய்க்குப் போகுமுன் அது என்னவென்று சொல்லிவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது.

எனது முதல் நியமனம் மலையகத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலை. அங்கே எட்டு முஸ்லிம் பிள்ளைகள் படித்தார்கள். வாணி விழாவில் பூஜை முடிந்து அவலும் கடலையும் கொடுப்பார்கள். படைத்ததை எமது பிள்ளைகள் உண்பதில்லை என்பது அங்கிருந்த ஒரு மூத்த ஆசிரியைக்குத் தெரியும். பூஜைக்கு முன்னரே அவித்த கடலையில் ஒரு பங்கைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து, எட்டுச் சுருள்கள் செய்து வைத்துவிடுவார். யாரும் கேட்டுச் செய்ததல்ல. மற்றப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று அவர்களும் வாங்குவார்கள். வித்தியாசம் அந்த ஆசிரியைக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே தெரியும்.

இப்போது இந்த விடயம் இன்னும் அவசரமாகிறது. 2024 மார்ச் முதல் அரச பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அனைவருக்கும் பகலுணவு என்று திட்டம் விரிவாக்கப்பட்டது. பல இனப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் வெள்ளிக்கிழமை முட்டை கொடுத்தால், விரதமிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அன்று வெறும் சோறுதான். முட்டையை வேறொரு நாளுக்கு மாற்றி வெள்ளிக்கிழமை கடலையோ பயறோ வைத்தால் செலவு பெரிதாகக் கூடாது. சம்பலுக்கு மாசி போடுமுன் ஒரு பங்கைப் புறம்பாக எடுத்து, அதற்கென ஒரு கரண்டி வைக்கலாம். "ஏன் நீ சாப்பிடல்ல?" என்று ஒரு பிள்ளையை வகுப்புக்கு முன்னால் கேட்காமலிருக்கக் காசே தேவையில்லை.

இந்த வருட விருந்துக்கு முன்னர் ஐந்து பேரிடமும் தனித்தனியே கேட்டேன். இருவருக்கு எதுவும் பிரச்சினையில்லை, ஒருவருக்கு மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம், இருவருக்கு முழு மரக்கறி. "தமிழ் டீச்சர்மார்" என்று ஒரே பார்சலில் நான் கட்டியவர்கள் மூன்று விதமாக இருந்தார்கள். மரக்கறிச் சாப்பாட்டைக் கணித டீச்சரின் ஊரிலுள்ள ஒரு சைவக் கடையிலிருந்து எடுத்தோம். கடையில் வாங்குவது ஏன், எமது சமையல்காரரே தனிச்சட்டியில் செய்யட்டுமே என்று பாடசாலை அபிவிருத்திக் குழுவில் ஒருவர் கேட்டார். அவர் மாசி போடமாட்டார் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்திருக்கிறோம்.