சிலை இல்லாத சந்நிதி

அசாம் கிராமங்களில் சுமார் 500 ஆண்டுகளாக ஒரு புத்தகம்தான் தெய்வத்தின் இடத்தில் இருக்கிறது. ஊரே அதைப் பாடுகிறது, அதன் முன்னால் சண்டையையும் தீர்த்துக்கொள்கிறது. ஆனால் வாசல் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை.

பொழுது சாயும்போது முதலில் கேட்பது முரசு. 'டோபா' என்று அசாமியர் அழைக்கும் பெரிய தோல் முரசு. சத்தம் வயல்களைத் தாண்டி ஊரின் கடைசி வீடு வரை எட்டும். குளித்துவிட்டு, கழுத்தில் சிவப்புக் கரை போட்ட கமோசாத் துண்டோடு ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். நெற்றி தரையில் பட வணங்கிவிட்டு உட்காருகிறார்கள். நீளமான கூடம். முன்பு வைக்கோல் வேய்ந்த கூரை, இப்போது பெரும்பாலும் தகரமும் சிமென்டும். கிழக்குக் கோடியில் 'மணிகூட்' எனப்படும் சிறு அறை. அங்கே விளக்கு எரிகிறது. வெளியூர்க்காரரின் கண்கள் தானாக ஒரு விக்கிரகத்தைத் தேடும். கிடைக்காது. சிங்கங்களும் யானைகளும் செதுக்கிய, அடுக்கடுக்காக உயரும் மர சிம்மாசனம். அதன் உச்சியில் துணி போர்த்திய ஒரு புத்தகம். அவ்வளவுதான்.

இதுதான் நாம்கர். நாமம் சொல்லும் வீடு. பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில் நாம்கர் இல்லாத அசாமிய வைணவ கிராமத்தைப் பார்ப்பது அரிது.

வேதமும் புராணமும் அன்றாட வாழ்க்கைக்கு வழிகாட்ட வேண்டும் என்று சொல்லாத உபன்யாசகர் இல்லை. நடைமுறை வேறு. பல வீடுகளில் நூல் பூஜை அலமாரியில், பட்டுத் துணிக்குள், சந்தனப் பொட்டோடு பத்திரமாக இருக்கும். சரஸ்வதி பூஜைக்கு ஒருமுறை தூசி தட்டப்படும். அசாமியரும் நூலுக்குத் துணி போர்த்துகிறார்கள், விளக்கு ஏற்றுகிறார்கள், விழுந்து வணங்குகிறார்கள். ஒரே வித்தியாசம், அதில் இருப்பது என்ன என்று உழவருக்கும் மனப்பாடமாகத் தெரியும்.

இந்த ஏற்பாட்டின் கர்த்தா சங்கரதேவர். 1449-இல் இன்றைய நௌகாவ் மாவட்டத்தில் போர்தோவா அருகே, பூயான் என்ற நிலக்கிழார் குலத்தில் பிறந்தவர். காயஸ்தர். குடும்பஸ்தர். முதல் மனைவி இறந்தபின் பன்னிரண்டு ஆண்டுகள் பூரி முதலான தலங்களுக்கு யாத்திரை போய்விட்டு வந்து மறுமணம் செய்துகொண்டார். 1568-இல் கூச் ராஜ்யத்தில் காலமானபோது வயது 119 என்கிறது மரபு. வயதைப் பற்றி ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். கவி, நாடகாசிரியர், இசையமைப்பாளர், ஓவியர் என்று ஒரே ஆளாக அவர் செய்து முடித்த வேலைக்கு அத்தனை ஆண்டுகள் தேவைதான்.

அவர் கையில் எடுத்த நூல் பாகவதம். திர்ஹுத்திலிருந்து வந்த ஜகதீச மிஸ்ரர் என்ற பண்டிதர் அதைப் படித்துக் காட்ட, அதுவே தன் வழி என்று சங்கரதேவர் முடிவு செய்ததாக அவரது சரிதங்கள் சொல்கின்றன. தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. கலியுகத்தில் நாராயண பக்தர்கள் திராவிட நாட்டில் மிகுதியாக இருப்பார்கள் என்று கூறி, தாமிரபரணியையும் காவேரியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது அந்தப் புராணத்தின் பதினோராம் ஸ்கந்தம். ஆழ்வார்களின் பக்தி அதில் கலந்திருக்கிறது என்று கருதும் அறிஞர்கள் பலர். காவேரிக் கரையை அறிந்த ஒரு நூல் பிரம்மபுத்திராக் கரையில் அரியணை ஏறியிருக்கிறது.

சமஸ்கிருதத்தில் இருந்த வரை அது பண்டிதர்களின் சொத்து. சங்கரதேவர் அதை அசாமிய மொழிக்குக் கொண்டுவந்தார். வரிக்கு வரி மொழிபெயர்ப்பு அல்ல. கூட்டமாகப் பாடுவதற்கென்றே அமைத்த பாட்டு. அவருடைய கீர்த்தன கோஷா, தசமம், சீடர் மாதவதேவரின் நாம கோஷா, பக்தி ரத்னாவளி ஆகிய நான்கும்தான் நாம்கரின் ஆதார நூல்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கூட்டம் வாங்கித் திருப்பிப் பாடும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது அதே கூடத்தில் 'பாவனா' நாடகம் நடக்கும். பகலில் ஏர் பிடித்தவர் இரவில் ராவணன். சூத்திரதாரர் மேடையை விட்டு இறங்காமல் கடைசி வரை கதைக்குப் பொருள் சொல்லிக்கொண்டே இருப்பார். புராணம் படிக்காதவருக்கும் புராணம் பாடமானது இப்படித்தான். (சத்ராக்கள் என்னும் மடங்களில் பிரம்மசாரிகள் ஆடிவந்த நடனம், சத்ரியா என்ற பெயரில் 2000-இல் சாஸ்திரிய நடனமாக அங்கீகாரம் பெற்றது. மேடைகளில் அதற்கு நல்ல மவுசு.)

மாதவதேவர் சீடரான கதை அசாமில் குழந்தைகளுக்கும் தெரியும். அவர் தீவிர சாக்தர். தாய் நோயில் கிடந்தபோது தேவிக்கு ஆடு பலியிடுவதாக வேண்டிக்கொண்டார். ஆடு வாங்கி வைக்கச் சொன்னது மைத்துனரிடம். அவரோ அதற்குள் சங்கரதேவரின் சீடராகிவிட்டார், ஆடு வாங்கவில்லை. கோபத்தோடு மாதவதேவர் குருவிடமே வாதுக்குப் போனார். மாஜுலித் தீவில் மணிக்கணக்காக நடந்தது வாதம். முடித்துவைத்தது பாகவதத்தின் ஒரு உவமை: மரத்தின் வேருக்கு நீர் விட்டால் போதும், கிளைக்குக் கிளை தனியாக ஊற்ற வேண்டியதில்லை. வாதாட வந்தவர் காலில் விழுந்தார். இந்தச் சந்திப்பை 'மணிகாஞ்சன சம்யோகம்' என்கிறார்கள். தங்கத்தில் மணி பதித்தது போல.

அந்த உவமையிலிருந்து பிறந்ததுதான் ஏகசரணம், ஒரே சரண். பல தெய்வ பூஜை வேண்டாம், பலி வேண்டாம், செலவு பிடிக்கும் சடங்கு வேண்டாம். விட்டுவைத்தவை நான்கு: நாமம், தேவன், குரு, பக்தர். நாலாவதை கவனிக்க வேண்டும். கூடியிருக்கும் பக்தர்களே புனிதமானவர்கள். நாம்கரை வெறும் பஜனைக் கூடமாக விடாமல் ஊரின் நடுநாயகமாக்கியது இந்த நாலாவதுதான்.

இந்த எளிமை அரண்மனைக்குப் பிடிக்கவில்லை. யானை பிடிக்கும் வேலையில் யானைகள் தப்பிவிட்டதைக் காரணம் காட்டி, அஹோம் அரசு சங்கரதேவரின் மருமகனுக்கு மரண தண்டனை கொடுத்தது. மாதவதேவர் காவலில் வைக்கப்பட்டார். குருவும் சீடர்களும் மேற்கே கூச் ராஜ்யத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கும் பண்டிதர்கள் கோள் சொன்னார்கள். ஆனால் மன்னர் நரநாராயணர் கடைசியில் ஆதரவு தந்தார்.

அன்றாடம் என்று பார்த்தால் சாதாரண பக்தர் செய்வது மிகக் குறைவு. வீட்டில் கோசாய்கர் என்ற சிறிய வழிபாட்டு இடம், அதிலும் நூல்தான். மாலையில் ஒரு விளக்கு. பார்பேட்டா போன்ற பெரிய சத்ராக்களில் விடிகாலை தொடங்கி ஒரு நாளைக்கு 14 முறை பிரசங்கம் என்னும் வழிபாடு நடக்கும். கிராமத்தில் அது கட்டுப்படியாகாது. மாலையில் ஒருமுறை, விசேஷ நாட்களில் கூடுதலாக. பாத்ர மாதத்தில் மட்டும் மாதம் முழுவதும். குருமார் இருவரும் மறைந்த மாதம் அது. பிரசாதம் ஊறவைத்த கடலை, பச்சைப்பயறு, இஞ்சித் துண்டு, தேங்காய், வாழைப்பழம். வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். அடுப்பே மூட்ட வேண்டாத பிரசாதம். ஏழை வீடும் தன் முறை வரும்போது கௌரவமாகச் செய்துவிட முடிகிறது. இதை யோசித்துச் செய்தவர் ஊர் நிலவரம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பாட்டு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடாது. 'ராய்ஜ்', அதாவது ஊர்மக்கள், அப்படியே சபையாகிவிடுவார்கள். வரப்புத் தகராறு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, குடித்துவிட்டு வந்து அடித்தது எல்லாம் அங்கேதான் வரும். தப்பு செய்தவர் வெண்கலச் சராயில் பாக்கு வெற்றிலை வைத்து, மண்டியிட்டு ஊரிடம் மன்னிப்புக் கேட்பார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்குமுன் இது. சில சமயம் அதற்குப் பதிலாகவும் இது. எதிரில் சிம்மாசனத்தில் பாகவதம் இருக்கும்போது பொய் சொல்ல நாக்கு தயங்கும் என்பது நம்பிக்கை. பிஹுப் பண்டிகையில் வீடு வீடாகப் போகும் ஹுசரிக் குழு ஆட்டத்தைத் தொடங்குவதும் நாம்கர் முற்றத்தில்தான்.

ஊரின் கையில் மதத்தைக் கொடுத்ததில் ஒரு சங்கடமும் உண்டு. ஊரின் நல்ல குணத்தோடு ஊரின் கோணல் புத்தியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சங்கரதேவரின் சீடர்களில் காரோ பழங்குடியைச் சேர்ந்த கோவிந்தரும் முஸ்லிமான சாந்த்சாயியும் இருந்ததாகச் சொல்கிறது மரபு. குரு மறைந்த பின்னர் இயக்கம் நான்கு சம்ஹதிகளாகப் பிரிந்தது. பிராமணத் தலைமையில் அமைந்த சத்ராக்களில் விக்கிரகமும் வந்தது, ஜாதிக் கணக்கும் திரும்பியது. மாஜுலியின் புகழ்பெற்ற அவுனியாட்டி சத்ராவில் கோவிந்தன் விக்கிரகமாகவே காட்சி தருகிறான். மறுபக்கம், தாழ்ந்தவர்களாகக் கருதப்பட்டோர் திரண்டிருந்த மாயாமரா சத்ராவின் சீடர்கள் 1769-இல் அஹோம் அரசையே எதிர்த்துக் கிளர்ந்தார்கள். அந்த அடியிலிருந்து ராஜ்யம் முழுதாக எழவே இல்லை. 1930-இல் தோன்றிய சங்கரதேவ சங்கம் ஜாதி வேறுபாடும் பரம்பரை குரு பதவியும் வேண்டாம், மூல நூல்களுக்கே திரும்புவோம் என்றது. பழைய சத்ராக்களுக்கு அது இன்றும் கசப்பு.

பெண்கள் விஷயம் இன்னும் சிக்கல். சங்கரதேவரின் பேரன் சதுர்புஜர் மறைந்தபோது பொறுப்பேற்று, பல சத்ராக்களுக்கு அதிகாரிகளை நியமித்தவர் அவர் மனைவி கனகலதா. 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பெண் குரு பீடத்தில். அப்படிப்பட்ட மரபில்தான், மாதவதேவர் நிறுவிய பார்பேட்டா சத்ராவின் கீர்த்தன்கருக்குள் பெண்கள் போவதில்லை. வெளியே நின்று வணங்குகிறார்கள். காரணம் கேட்டால் தீட்டு என்பார்கள், வழக்கம் என்பார்கள். பக்கத்திலேயே பாட்பாவ்சி சத்ரா. சங்கரதேவர் பல ஆண்டுகள் தங்கி, தமது முக்கியமான படைப்புகளை எழுதிய இடம். அங்கும் அதே வழக்கம். 2010 ஏப்ரலில் அப்போதைய கவர்னர் ஜானகி வல்லப் பட்நாயக், சத்ரா நிர்வாகத்திடம் பேசி, ஒரு பெண்கள் குழுவைத் தாமே உள்ளே அழைத்துச் சென்றார். செய்தி நாடெங்கும் போனது. பார்பேட்டா அசையவில்லை. நாமம் சொல்ல ஜாதி, பால் வேறுபாடு கிடையாது என்று பாடும் அதே நூல்தான் உள்ளே சிம்மாசனத்தில் இருக்கிறது. இதற்கு எந்த சமாதானமும் சொல்லத் தோன்றவில்லை.

ஆறு வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. குருவும் சீடரும் வாதிட்ட மாஜுலியை பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் அரித்துத் தின்கிறது. கடந்த நூற்றாண்டில் மட்டும் தீவின் நிலம் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. அந்தச் சந்திப்பு நடந்த இடமே இன்று நிலமாக இல்லை. பல சத்ராக்கள் ஒருமுறைக்கு இருமுறை இடம் மாறின. சில, தீவையே விட்டுக் கரையேறின. 2016-இல் மாஜுலி தனி மாவட்டமாயிற்று. ஆற்றுக்கு அது தெரியாது.

ஆனால் கல் கோயிலுக்கு நேரும் கதி நாம்கருக்கு நேர்வதில்லை. மூங்கில், தகரம், மரத்தூண் எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுபோய் வேறு மேட்டில் நிறுத்தலாம். புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு படகேறலாம். பழைய பிரதிகள் சாஞ்சி மரப்பட்டையில் எழுதியவை. பூச்சி அரிக்காமலிருக்க மஞ்சள் அரிதாரம் பூசியவை. அவற்றை இழப்பது வேறு விஷயம். அதற்கு மாற்று இல்லை. பாட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. குவாஹாத்தியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவிலும் நாம்கர் எழுகிறது. வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் மாலைப் பிரசங்கத்துக்கு வருவதில்லை என்ற புலம்பல் அங்கேயும் கேட்கிறது, கிராமத்திலும் கேட்கிறது.

பாத்ர மாதத்தில் ஒரு மதியம் கிராமத்து நாம்கர் பக்கம் போனால் வேறு காட்சி. ஆண்கள் வயலிலும் ஆபீஸிலும் இருப்பார்கள். தலையில் முந்தானை போர்த்திய பெண்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். முரசு கிடையாது, கைத்தட்டல்தான் தாளம். முன்னால் உட்கார்ந்திருக்கும் கிழவி, கண்ணாடி கூட இல்லாமல், அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். ஒருத்தி பாடிக்கொண்டே பேரனைத் தூங்கவைப்பாள். ஓரத்தில் ஒரு வாளியில் கடலை ஊறிக்கொண்டிருக்கும்.