மெழுகுவர்த்தி ஏற்றும்போது கவனம் தேவை



கார்த்திகை மாதத்தில் வேங்கிக்காலில் நின்றாலே மலையுச்சித் தீபம் தெரியும். அதையடுத்துக் கிறிஸ்துமஸ். மின்சாரம் நின்ற இரவிலும் குடும்ப ஜெபத்திலும் நாமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம்.

இந்தச் சிறு சுடரால் அதிக ஆபத்து யாருக்கு? சூடு தெரியாதவர்களுக்கே. தொழுநோயால் நரம்பு கெட்டவர்களும், நெடுநாள் சர்க்கரை வியாதியால் கைகால் மரத்துப்போனவர்களும் தோல் வெந்த பிறகே கவனிக்கிறார்கள். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாமல் படும் காயங்களாலும் தீப்புண்களாலுமே குறைகின்றன என்று எடுத்துக்காட்டினார். வலியும் தேவன் தந்த ஈவு.

ஆகவே மரத்த கையுள்ளவர்கள் வீட்டில் இருந்தால், மெழுகுவர்த்தியை மற்றவர் ஏற்றட்டும். திரியைக் கால் அங்குலமாக வெட்டுங்கள். மணல் நிரப்பிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம். திரைச்சீலை, கொசுவலை அருகே வைக்காதீர்கள். தூங்குமுன் அணைத்துவிட்டு, கைகால்களைக் கண்ணால் பாருங்கள்.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, மருத்துவமனைக்கு வாருங்கள்.

மரத்த காலில் வந்த புண் ஆற, பல வாரங்கள் கட்டுப்போட வேண்டியிருக்கிறது. உங்கள் காணிக்கை அந்த மருந்துக்கும் துணிக்கும் உதவுகிறது. உங்கள் வீட்டில் நீங்கள் காட்டும் கவனமோ அந்தப் புண்ணே வராமல் காக்கும். எங்கள் ஊழியத்தை ஜெபத்தில் தாங்குங்கள்.