ஒரு பற்றரி, மூன்று விளக்கு: சமவலுத் தடையை அறிவது எப்படி?

முன்னேஸ்வரத் திருவிழாவில் பழைய வகைக் குமிழ்ச் சரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குமிழ் கருகினால் சரமே அணைந்துவிடும். அது தொடரிணைப்பு. வீட்டு விளக்குகளில் ஒன்று கருகினாலும் மற்றவை எரியும். இது சமாந்தர இணைப்பு.

பல தடைகளுக்குப் பதிலாக, அதே மின்னோட்டத்தை எடுக்கக்கூடிய தனித் தடையே சமவலுத் தடை.

தோட்டத்து வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் நீள நீள நீரோட்டம் தளரும். பக்கத்தில் இன்னொன்று வெட்டினால் கூடுதலாகப் பாயும். மின்சாரமும் அப்படியே. தொடரில் தடைகளைக் கூட்டவேண்டும். சமாந்தரத்தில் தடை குறையும். தடைகள் சமமாயின், ஒன்றின் அளவை எண்ணிக்கையால் வகுத்தால் போதும்.

12 வோல்ற்று பற்றரியில் 24 ஓம் குமிழ்கள் மூன்றைச் சமாந்தரமாக இணைப்போம். 24 ÷ 3 = 8 ஓம். பற்றரியிலிருந்து வரும் மெல்லிய வயரின் தடை 4 ஓம் எனின், அது தொடரில் நிற்கிறது: 4 + 8 = 12 ஓம். ஜோர்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதிப்படி, 12 ÷ 12 = 1 அம்பியர். வயரிலேயே 4 வோல்ற்று வீணாகும். விளக்குகளுக்கு மிஞ்சுவது 8தான். வெளிச்சம் மங்கினால், புதுப் பற்றரிக்குப் பணம் தேடுமுன் வயரைப் பாருங்கள்.

230 வோல்ற்று மின்சாரத்தில் ஆபத்து பெரிது. ஒரே வீட்டிலிருந்து பல குடில்களுக்கு வயர் இழுக்கும்போது, ஒவ்வொரு இணைப்பும் சமவலுத் தடையைக் குறைக்கிறது, ஓட்டம் கூடுகிறது. ஓட்டம் இரட்டித்தால் வயரில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். ஓலைக் கூரை தீப்பற்ற அது போதும். உருகி அறுந்தால், அது உங்களை எச்சரிக்கிறது. அதன் இடத்தில் தடித்த கம்பியை மாட்டாதீர்கள்; இணைப்புகளைக் குறையுங்கள்.