மிஞ்சிய மின்மாற்றியும் மூன்று வால்வுகளும்

பழைய வால்வு ரேடியோ ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். மரப்பெட்டி உளுத்துப் போயிருக்கும். மின்தேக்கிகள் பழுதாகியிருக்கும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருக்கும். ஆனால் அடிச்சட்டத்தின் மேல் கனமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பொருள் மட்டும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். அதுதான் மின்மாற்றி. ரேடியோ கடைக்காரர்கள் அதை டிரான்ஸ்பார்மர் என்பார்கள்.

எடைக்குப் போட்டால் இரும்புக்கும் செம்புக்கும் உரிய விலை கிடைக்கும். அதை வைத்தே பாட்டுக் கேட்க ஒரு வால்வு ஆம்ப்ளிபையர் செய்தால் என்ன? வால்வுகள் வழக்கொழிந்துவிட்டனவே என்று நினைக்க வேண்டாம். சில வகைகள் இன்றும் வெளிநாடுகளில் செய்யப்படுகின்றன.

ஆம்ப்ளிபையர் என்றதும், "பெரிய சத்தம் தருவது எது?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அங்கேதான் தவறு தொடங்குகிறது. "என் கையில் இருக்கும் மின்மாற்றி எவ்வளவு கொடுக்கும்?" என்பதே சரியான கேள்வி. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள் அல்லவா? அது மின்சாரத்துக்கும் பொருந்தும். வரவு என்ன, செலவு என்ன என்று கணக்குப் போட்டுவிட்டால், எந்த ஆம்ப்ளிபையர் செய்யலாம் என்பதை மின்மாற்றியே நமக்குச் சொல்லிவிடும்.

இரண்டு விதப் பசி

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குமிழ். அதன் நடுவே சூடேற்றும் இழை ஒன்று இருக்கும். இழை சூடானதும் அதைச் சுற்றியுள்ள எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்படும். எதிரே உள்ள நேர்மின்வாய்க்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால், அது எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும். இந்த இருமுனை வால்வை 1904-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஆங்கிலேயரான ஜான் ஆம்புரோஸ் பிளெமிங். அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் 1906-இல் இரண்டு மின்வாய்களுக்கும் நடுவே கிரிட் எனப்படும் கம்பி வலை ஒன்றை வைத்தார். குழாயின் திருகைச் சற்றே திருப்பினால் பெருகிவரும் நீரின் அளவு மாறுகிறது அல்லவா? அதுபோல, கிரிட்டில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம் எலக்ட்ரான் ஓட்டத்தில் பெரிய மாற்றத்தை உண்டாக்குகிறது. ஒலி பெருக்கப்படுவது இப்படித்தான்.

ஆகவே வால்வுக்கு இரண்டு விதப் பசி உண்டு. இழைக்குக் குறைந்த மின்னழுத்தமும் நிறைய மின்னோட்டமும் வேண்டும். வழக்கமாக இது 6.3 வோல்ட். நேர்மின்வாய்க்கு மிகுந்த மின்னழுத்தமும் கொஞ்சம் மின்னோட்டமும் வேண்டும். இது 250 வோல்ட்டை ஒட்டி இருக்கும். வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டிலிருந்து இவ்விரண்டையும் தயாரித்துத் தருவதே மின்மாற்றியின் வேலை.

சுருள்களை அடையாளம் காண்பது

ஒரு சுருளில் மாறும் காந்தப்புலம் பக்கத்துச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும் என்று மைக்கேல் பாரடே 1831-இல் காட்டினார். எவ்வளவு மின்னழுத்தம் தூண்டப்படும் என்பது சுற்றுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரும்பு உள்ளகத்தின் நடுக்கால் 3 செ.மீ. அகலமும் 3 செ.மீ. உயரமும் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். 50 சுழற்சி மின்சாரத்தில் இத்தகைய உள்ளகத்துக்கு ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 4 சுற்றுகள் தேவை. எனவே 230 வோல்ட் முதன்மைச் சுருளுக்கு 920 சுற்றுகள். முனைக்கு முனை 500 வோல்ட் தரும் உயர் அழுத்தச் சுருளுக்கு 2,000 சுற்றுகள். இழைச் சுருளுக்கோ வெறும் 25 சுற்றுகள்தான்!

இந்த வேறுபாடே நமக்கு வழிகாட்டி. உயர் அழுத்தச் சுருளின் கம்பி மெல்லியது, நீளமானது. அதன் மின்தடை நூற்றுக்கணக்கான ஓம் இருக்கும். முதன்மைச் சுருளில் சில பத்து ஓம்கள் காட்டும். இழைச் சுருளின் கம்பி தடித்தது, குட்டையானது. மின்தடை ஒரு ஓம்கூட இராது. எந்த மின் இணைப்பும் இல்லாத நிலையில் மல்டிமீட்டரால் அளந்தாலே இவற்றைப் பிரித்தறியலாம். அளந்து முடித்து மீட்டரின் முனையை எடுக்கும்போது வெற்றுக் கம்பியைத் தொடாதீர்கள். சுருளில் உள்ள காந்தப்புலம் மறையும் கணத்தில் "சுருக்" என்று ஒரு சிறு அதிர்ச்சி கிடைக்கலாம்.

அடுத்து, ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யலாம். முதன்மைச் சுருளுக்கு 230 வோல்ட் கொடுக்கவே வேண்டாம். அழைப்புமணிக்கு உதவும் சிறிய மின்மாற்றியிலிருந்து 6 வோல்ட் மாறுமின்சாரம் கொடுங்கள். இது 230-இல் சுமார் 38-இல் ஒரு பங்கு. ஆகவே மற்றச் சுருள்களிலும் 38-இல் ஒரு பங்குதான் வரும். உயர் அழுத்த முனைகளில் 13 வோல்ட் காட்டினால் உண்மையான அளவு 500 வோல்ட். இழைச் சுருளில் 0.16 வோல்ட் காட்டினால் அது 6.3 வோல்ட் சுருள்.

இதில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அந்த 6 வோல்ட்டைத் தவறுதலாக இழைச் சுருளில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? மின்மாற்றி தலைகீழாக வேலை செய்யும். முதன்மை முனைகளில் 220 வோல்ட்டும், உயர் அழுத்த முனைகளில் 470 வோல்ட்டுக்கு மேலும் வந்து நிற்கும். உயிருக்கே ஆபத்து! அதனால்தான் மின்தடையை முதலில் அளக்கச் சொன்னோம். ஒரு ஓம்கூட இல்லாத தடித்த கம்பிச் சுருளுக்கு எதையும் கொடுக்கக் கூடாது.

வரவு எவ்வளவு?

நம் மின்மாற்றியின் மேல் "250-0-250 வோல்ட், 80 மில்லி ஆம்பியர், 6.3 வோல்ட், 3 ஆம்பியர்" என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 0, சுருளின் நடுமுனையைக் குறிக்கும். இரு பாதிகளும் மாறி மாறி வேலை செய்து, திருத்தி வால்வின் வழியே நேர்மின்சாரம் தரும்.

எழுத்து அழிந்து போயிருந்தால்? அதற்கும் வழி உண்டு. அந்த ரேடியோவில் என்னென்ன வால்வுகள் இருந்தன என்று பாருங்கள். இ.சி.எச். 81, இ.பி.எப். 89, இ.ஏ.பி.சி. 80, இ.எல். 84, இ.இசட். 80 என்ற ஐந்தும் இருந்தன என்றால், அவற்றின் இழைகள் மட்டும் சேர்ந்து சுமார் 2.4 ஆம்பியர் எடுக்கும். அந்த மின்மாற்றி பல ஆண்டுகள் இந்தச் சுமையைச் சுமந்திருக்கிறது. ஆகவே அந்த அளவை அது தாங்கும் என்று நம்பலாம். உயர் அழுத்தச் செலவையும் இதே வழியில் வால்வு அட்டவணையைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.

செலவு எவ்வளவு?

இங்கிலாந்தின் முல்லார்டு நிறுவனம் வால்வுகள் செய்து விற்றது. அவற்றைக் கொண்டு வீட்டிலேயே ஆம்ப்ளிபையர் அமைப்பதற்கான சுற்றுப் படங்களையும் 1950-களில் வெளியிட்டது. அவற்றில் "3-3" என்ற பெயருடைய ஒன்று உண்டு. மூன்று வால்வுகள், மூன்று வாட் ஒலி என்பது பெயரின் பொருள். "5-10" என்பதில் ஐந்து வால்வுகள், பத்து வாட். இவ்விரண்டில் நமக்கு எது பொருந்தும்?

முதலில் 3-3. அதில் உள்ள இ.எப். 86 வால்வு நுண்ணிய ஒலிக்குறியை முதற்கட்டமாகப் பெருக்கும். இ.எல். 84 ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றலைத் தரும். இ.இசட். 80 மாறுமின்சாரத்தைத் திருத்தும். இவற்றின் இழைகளுக்கு முறையே 0.2, 0.76, 0.6 ஆம்பியர் வேண்டும். மொத்தம் 1.56 ஆம்பியர். வரவு 3 ஆம்பியர் ஆயிற்றே, தாராளம்!

உயர் அழுத்தத்தைப் பார்ப்போம். 250 வோல்ட்டில் இ.எல். 84-இன் நேர்மின்வாய் 48 மில்லி ஆம்பியரும், அதன் திரைக் கிரிட் 5.5 மில்லி ஆம்பியரும் எடுக்கும். இ.எப். 86-க்கு ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் போதும். மொத்தம் சுமார் 55. வரவு 80. கணக்கு தேறிவிட்டது.

இப்போது 5-10. அதில் இரண்டு இ.எல். 84 வால்வுகள் சேர்ந்து உழைக்கின்றன. இழைகளின் செலவே 3 ஆம்பியரை எட்டிவிடும். முழுச் சத்தத்தில் உயர் அழுத்த மின்னோட்டம் 90 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடும். நம் மின்மாற்றிக்கு அது ஆகாது.

இரண்டு காதுக்கும் தனித்தனியே ஒலி தர, இரண்டு 3-3-ஐ ஒரே மின்மாற்றியில் இணைக்கலாமா? செலவு 110 மில்லி ஆம்பியர் ஆகும். "கொஞ்சம்தானே அதிகம்" என்று எண்ணாதீர்கள். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 110-ஐ 80-ஆல் வகுத்து, வந்த விடையை இருமடியாக்குங்கள். சுமார் 1.9 வரும். அதாவது வெப்பம் ஏறத்தாழ இரண்டு மடங்கு! முதல் நாள் ஒன்றும் தெரியாது. நாளடைவில் கம்பியின் எனாமல் பூச்சும் இடையில் உள்ள காகிதமும் கருகும். அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு புகைதான் வரும்.

மூன்று வாட் போதுமா? அறையில் உட்கார்ந்து கேட்க நன்றாகவே போதும்.

250 எப்படி 350 ஆகிறது?

மாறுமின்சாரத்தில் 250 வோல்ட் என்று சொல்வது அதன் பயனுறு அளவு. அலையின் உச்சியோ அதைப்போல் 1.414 மடங்கு, அதாவது 353 வோல்ட். திருத்தியை அடுத்துள்ள மின்தேக்கி அந்த உச்சிவரை நிரம்பும். வால்வுகள் சூடேறி மின்னோட்டத்தை எடுக்கத் தொடங்கிய பிறகு இது 280 வோல்ட் அளவுக்கு இறங்கும். ஆகவே மின்தேக்கி 280 வோல்ட்டைத் தாங்கினால் போதாது. குறைந்தது 450 வோல்ட் என்று குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

இன்னொரு மின்மாற்றியும் வேண்டும்

வால்வை நேராக ஸ்பீக்கரோடு இணைக்க முடியாது. இ.எல். 84-க்கு 5,000 ஓம் அளவுள்ள சுமை வேண்டும். ஸ்பீக்கரோ 4 ஓம். இடையில் ஒரு வெளியீட்டு மின்மாற்றி தேவை. 5,000-ஐ 4-ஆல் வகுத்தால் 1,250. அதன் இருமடி மூலம் சுமார் 35. ஆகவே சுற்றுகளின் விகிதம் 35-க்கு 1. இதன் வழியே எப்போதும் நேர்மின்சாரமும் ஓடுவதால், இரும்பு காந்தத் தெவிட்டு நிலையை அடையாதிருக்க உள்ளகத்தில் மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். சாதாரண மின்மாற்றியை இந்த இடத்தில் போட்டால் ஒலி கெடும். பழைய ரேடியோவைப் பிரிக்கும்போது ஸ்பீக்கரின் அருகே உள்ள இந்தச் சிறிய மின்மாற்றியையும் பத்திரப்படுத்துங்கள்.

அணைத்த பிறகும் ஆபத்து

டார்ச் விளக்கோடு விளையாடுவது போன்றதல்ல இது. ஆம்ப்ளிபையரை அணைத்துச் செருகியையும் பிடுங்கிவிட்ட பிறகுகூட மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். 32 மைக்ரோ பாரட் மின்தேக்கி 350 வோல்ட்டில் சுமார் 2 ஜூல் ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கும். கை பட்டால் அது கடுமையாகத் தாக்கும்.

இதற்காகவே மின்தேக்கிக்கு இணையாக 2,20,000 ஓம் மின்தடை ஒன்றைப் பொருத்துவார்கள். மின்தடையையும் மின்தேக்குத் திறனையும் பெருக்கினால் 7 விநாடி வரும். ஐந்து மடங்கு நேரம், அதாவது 35 விநாடி சென்றால் 350 வோல்ட் வடிந்து 3 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். இந்தத் தடையும் ஒரு மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். அதையும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். தடை எரிந்து போயிருந்தால் மின்சாரம் வடியாது. ஆகவே காத்திருந்த பின்னும் மீட்டரால் அளந்து பார்க்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது.

கணக்கு உங்களுடையது, பற்றவைப்பதும் 230 வோல்ட் இணைப்புக் கொடுப்பதும் வால்வுக் கருவிகளில் பழகிய பெரியவர் ஒருவருடையது. இந்த வேலைப் பிரிவினையை மீற வேண்டாம்.

இதோ, உங்களுக்கு ஒரு கணக்கு

ஒரு மின்மாற்றியில் 250-0-250 வோல்ட், 60 மில்லி ஆம்பியர், 6.3 வோல்ட், 1.5 ஆம்பியர், 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. இதில் 3-3 போன்ற ஆம்ப்ளிபையரை இயக்க முடியுமா? ஒரு தாளை எடுத்து வரவு செலவு எழுதிப் பாருங்கள். பிறகு கீழே படியுங்கள்.

விடை: உயர் அழுத்தச் செலவு வடிதடையோடு சேர்த்துச் சுமார் 56 மில்லி ஆம்பியர். வரவு 60, மயிரிழையில் தேறுகிறது. இழைகளுக்கு 1.56 ஆம்பியர் வேண்டும், இருப்பதோ 1.5. முடியாது என்று எழுதிவிட்டீர்களா? அந்த 5 வோல்ட் சுருளை மறந்துவிட்டீர்களே! இ.இசட். 80-க்குப் பதிலாக 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும் 5-ஒய்-3 என்ற திருத்தி வால்வை அங்கே இணைத்தால், 6.3 வோல்ட் சுருளின் செலவு 0.96 ஆம்பியராகக் குறைந்துவிடும். இந்தத் திருத்தி தனக்கென்று சற்றுக் கூடுதலாக மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்வதால் ஒலி கொஞ்சம் குறையும். ஆனால் மின்மாற்றி கருகாது, ஆம்ப்ளிபையரும் பாடும்.