மண்ணில் கரிமம் தங்குவதும் கரைவதும்

மண் பரிசோதனை அட்டையில் 'அங்ககக் கரிமம்' என்று ஒரு வரி உண்டு. உழவர் பெருமக்கள் தழை, மணி, சாம்பல் சத்துக்களின் அளவைக் கேட்டறிந்து, இவ்வரியைக் கேளாமலே அட்டையை மடித்து வைத்துவிடுவதை நாம் கிராமந்தோறும் காண்கிறோம். இவ்வளவு நூற்றுக்கு 0.5க்குக் கீழிருப்பின் குறைவு, 0.75க்கு மேலிருப்பின் மிகுதி. நமது புன்செய்ச் செம்மண் நிலங்களிற் பெரும்பாலானவை குறைவு என்னும் பிரிவிலேயே அடங்கும்.

தழையும் சாணமும் வேரும் மக்கிய பொருளில் பாதிக்கு மேல் கரிமமே. அதனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டு, கரியமில வாயுவாக வெளிவிடுகின்றன. வரவிலிருந்து இச்செலவு போக எஞ்சுவதே மண்ணில் தங்குகிறது.

நீலகிரிச் சோலைகளின் மண் கறுத்திருப்பதற்குக் காரணம் குளிர். அங்கே நுண்ணுயிர்களின் வேலை மந்தம். பிச்சாவரத்துச் சதுப்பில் காரணம் வேறு: நீர் நிறைந்த சேற்றில் காற்றுப் புகாமையால் மக்குவது தாமதப்படுகிறது. நீர் தேங்கும் நெல்வயலிலும் ஓரளவு இதுவே நிலை. ஆனால் அங்கு மீத்தேன் வாயு கிளம்புகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. களிமண்ணின் நுண்துகள்கள் கரிமத்தைப் பற்றிக்கொள்ளும். மணலுக்கு அந்தப் பிடிப்பு இல்லை.

நமது செம்மண்ணுக்கோ குளிரும் இல்லை, களியும் குறைவு. போட்ட எரு விரைவில் கரைகிறது. அடிக்கடி உழுதால் கட்டிகள் உடைந்து காற்றுப் புகுந்து, கரைவது இன்னும் விரைவாகும். கோடையுழவை நாம் குறை கூறவில்லை. மழைநீரைப் பிடிக்க அது வேண்டியதே. சரிவை நோக்கி உழுவதுதான் கேடு. கரிமம் மிகுந்த மேல்மண் முதல் மழையிலேயே ஓடைக்குப் போய்விடும்.

கோயம்புத்தூரில் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிரந்தர எருச் சோதனை வயலில், தொழு உரம் இட்டுவரும் பாத்திகளில் எருவிடாத பாத்திகளைவிடக் கரிமம் மிகுந்திருக்கிறது. ஒரு வருஷம் பத்து வண்டி கொட்டிவிட்டு நான்கு வருஷம் சும்மா இருப்பதைவிட, ஆண்டுதோறும் இரண்டு வண்டி இடுவது மேல் என்பது நமது கருத்து. ஏரி வண்டலையும் சேர்த்தால் களியின் பிடிப்பும் கிட்டும்.

கரும்புச் சோகையைக் கொளுத்துவோர் ஆறு மாதச் செலவை அரை மணியில் செய்து முடிக்கின்றனர். அதனைப் பார் இடைவெளியில் மூடாக்காகப் பரப்பினால் ஈரமும் காக்கும். தெருச் சருகுகளைக் குப்பைமேட்டில் எரிக்கும் ஊராட்சிகளும் உள. அவற்றுக்கு ஓர் உரக்குழி போதும். கோடையில் ஏரி வற்றியதும் வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று வண்டல் எடுப்பது பற்றி, மாசி மாதத்திலேயே மன்றக் கூட்டத்தில் பேசி முடிவு செய்துகொள்வது நலம்.